பூட்டிய வீட்டில் சுற்றிய சக்கரம்

எய்யா,

நீ எழுதிய இன்லேண்ட் லெட்டர் நேற்று மத்தியானம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, காப்பியைக்கூடக் குடிக்காமல் படித்தேன். திருச்சியில் வீடு பார்த்தாயிற்று, கிழக்குப் பார்த்த வாசல், கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் போய் இறங்கும்போது எல்லாம் தயாராக இருக்கும் என்று எழுதியிருந்தாய். கீழே நீ வாங்கி வைத்திருக்கிற சாமான்களின் பட்டியல். டிவி, ஸ்டெபிலைசர், மிக்ஸி, டேப் ரெக்கார்டர், அதை பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓட்ட ஓர் எலிமினேட்டர், படுக்கிற அறைக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. வேறு என்னம்மா வேண்டும் என்று கேட்டிருந்தாய். உன் அப்பா வாங்கிப் படித்துவிட்டு, மருமகள் வந்து ஸ்விட்சைத் தட்டினால் போதும், குடித்தனம் தன்னால் நடக்கும் போலிருக்கிறதே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலில் இரண்டாவது பெயரைத் தாண்டி என் கண் போகவில்லை.

அதனால் இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். பாதி கரண்டைப் பற்றியது. மீதி பக்கத்து வீட்டுக் கோமு சித்தியைப் பற்றியது. ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லாமலே இருந்துவிட்டேன். நீ மணையில் உட்கார இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. இப்போது விட்டால் அப்புறம் எனக்கு வாய் வராது. அவள் உன் கல்யாணத்துக்கு வருவாளா மாட்டாளா என்பதும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறபோது உன் கைக்கு வந்துவிடும்.

முதலில் கரண்டைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். டிவியின் குமிழைத் திருகினால் படம் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி மறையும். அதோடு அணைத்துவிட்டோம் என்று எழுந்து போய்விடுகிறோம். அணைந்தது படம் மட்டும்தான். சுவரில் இருக்கிற ஸ்விட்சை இறக்காத வரைக்கும் ஸ்டெபிலைசர் உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும். எலிமினேட்டரும் அப்படித்தான், பாட்டு நின்ற பிறகும் பிளக்கிலேயே கிடந்து சூடாகும். ஜீரோ வாட்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர அந்தப் பல்பும் சும்மா எரியாது. உனக்கு நான் ஒரே ஒரு வழி சொல்லித் தருகிறேன். வெளியூர் கிளம்புமுன், வேலை செய்யாமல் இருக்கிற ஒவ்வொரு சாமான் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார். சூடாக இருந்தால் அது எதையோ தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுவர் ஸ்விட்சை இறக்கிவிட்டுக் கிளம்பு. இந்தச் சின்னக் காரியத்தைச் செய்யத் தெரியாமல்தான் நான் ஒரு மனுஷியை வீட்டை விட்டு ஓட்டினேன்.

நம் வீட்டுக்கு டிவி வந்த ஆவணி மாசத்து வெள்ளிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா புளியங்குடி எலுமிச்சை மண்டியிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு, சட்டையெல்லாம் எலுமிச்சை வாசத்தோடு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். கடைக்காரப் பையன் ஓட்டு மேலே ஏறி ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி வைக்க, கீழே மழை பெய்கிற மாதிரி இருந்த திரையில் மெல்ல மெல்ல இலங்கைக்காரர்கள் முகம் தெளிந்தது. கடல் தாண்டி வந்த முகங்கள், பேசுகிறது பாதி புரியவில்லை, ஆனாலும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தோம். நல்ல நேரம் பார்த்து, டிவிக்கும் ஸ்டெபிலைசருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் நான் ஸ்விட்சைப் போட்டேன். ஸ்டெபிலைசரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது. அடிக்கடி அணைத்துப் போட்டால் கெட்டுவிடும், எப்போதும் போட்டபடி இருக்கட்டும் என்று அந்தப் பையன் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொல்லியிருக்காவிட்டாலும் நான் அணைத்திருக்க மாட்டேன். நல்ல நேரத்தில் ஏற்றின விளக்கை, அதுவும் வெள்ளிக்கிழமையில், அமர்த்துவதற்கு எனக்குக் கை வராது. மறு வாரமே பூவேலை போட்டு ஒரு உறை தைத்து, டிவி, ஸ்டெபிலைசர், பின்னால் இருந்த பிளக், எல்லாவற்றையும் ஒன்றாக மூடினேன். அந்தச் சிவப்பு விளக்கு உறைக்குள்ளே போய்விட்டது. நான் அதை மறந்தே போனேன்.

கோமுவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஓடு வரைக்கும் போகாத சுவர். பரணுக்கு மேலே ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குச் சந்து. இங்கே தாளித்தால் அங்கே தும்முவாள். நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற வரைக்கும் உனக்குச் சோறு போட்டது அவள். உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான், எனக்கு இன்ஸ்பெக்ஷன் என்று நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அவளுடைய வீட்டுக்காரர் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டினார். அவள் வீட்டிலிருந்தே தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். கை ராட்டையில் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வலிக்கிறதென்று, நம் வீட்டு டிவி வந்த அதே ஆவணியில் ஒரு சின்ன மோட்டார் வாங்கிப் போட்டாள். அது ஓடும்போது சுவர் லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பில் சாய்ந்துகொண்டு நீ கணக்குப் போடுவாய்.

பூசை லீவில் நாம் மூன்று பேரும் பனவடலிசத்திரத்தில் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தோம். நான்தான் எதையும் குறித்து வைக்கிறவள் ஆயிற்றே. கிளம்பும்போது மீட்டரில் என்ன எண் இருந்தது என்று காலண்டர் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் பூட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் நாலு யூனிட் ஓடியிருந்தது. பூட்டிய வீட்டில் யார் நாலு யூனிட் எரித்தார்கள்? எல்லா விளக்கையும் அணைத்தேன், ரேடியோவை அணைத்தேன், டிவி குமிழைத் திருகிப் பார்த்து அதுவும் அணைந்துதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். நடையில் ஸ்டூலைப் போட்டு மீட்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். கண்ணாடிக்குள்ளே அந்த அலுமினியச் சக்கரம் நின்றது போல இருந்தது. நிற்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால், ஓரத்தில் தீட்டியிருக்கிற சிவப்புக் கோடு எங்கேயோ போய்விட்டு, மூன்று நான்கு நிமிஷம் கழித்து, யாரையோ பார்க்க வருகிறவள் போல மெதுவாக எட்டிப் பார்க்கும், தாண்டிப் போகும். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வெயில் நடையை விட்டு இறங்கி முற்றத்துக்குப் போயிருந்தது. மனசு ஒரு மாதிரி கிறங்கிப்போய், அந்தக் கோடு மறுபடி வருவதற்காகவே நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் டீச்சர் புத்தி விழித்துக்கொண்டது. மெயினை இறக்கினால் சக்கரம் நிற்கிறது, ஏற்றினால் சுற்றுகிறது. அப்படியானால் நம் வீட்டுக்குள் இருந்துதான் கரண்ட் எங்கேயோ போகிறது. நம் வீட்டில் எதுவும் எரியவில்லை. பரணுக்கு மேலே ஒயர் இழுக்கச் சந்து இருக்கிறது, பக்கத்து வீட்டில் புது மோட்டார் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக எழுதி, கடைசியில் விடையாகக் கோமுவின் பெயரை எழுதினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெருக்கோடியில் இருந்த வீட்டுக்கார அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். இரண்டு வீடும் அவருடையது என்பதால் அவரிடம் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். அவர் அன்றைக்குச் சாயங்காலமே வந்து, நடையில் நின்று, தெருவில் நாலு பேர் பார்க்கக் கோமுவின் புருஷனை விசாரித்தார். மோட்டாரை நிறுத்து, இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு என்றார். அந்த மனுஷன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோமு உள்ளேயே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கையில் சுளகு. அதில் அந்த மோட்டார், பக்கத்தில் அவள் வீட்டிலிருந்த இரண்டே இரண்டு பல்பு, கழற்றின சூடு ஆறாமல். நம் வீட்டு வாசற்படியில் சுளகை வைத்தாள்.

"எங்க வீட்ல கரண்டுல ஓடுறதும் எரியுறதும் இவ்வளவுதான் டீச்சர். இதை நீங்களே வச்சிருங்க. உங்க சக்கரம் நின்னா எனக்குச் சொல்லுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. நீ என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தை அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எய்யா, இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவள் போன ஐந்தாவது நிமிஷம் நான் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதே நிதானம், அதே சிவப்புக் கோடு. பக்கத்து வீட்டில் எரியவோ ஓடவோ ஒன்றுமே இல்லை, எல்லாம் என் காலடியில் சுளகில் கிடக்கிறது. அவள் எடுக்கவில்லை என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தடி நடந்தால் அவள் வாசல். கோமு, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. போகவில்லை. என்ன காரணம் என்று கண்டுபிடித்துக்கொண்டு போகலாம், வெறுங்கையோடு போனால் டீச்சரின் மதிப்பு என்ன ஆவது என்று நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் ஓடிவிட்டது. ஒன்பது நாளும் அவள் வீட்டில் சிம்னி விளக்கு எரிந்தது. பழைய ராட்டையைத் தூசி தட்டி எடுத்துக் கையாலேயே சுற்றினாள். சுவர் துடிக்கவில்லை. நீ மேஜையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாய்.

ஒன்பதாம் நாள் ஐப்பசி மழை. தெப்பக்குளத்துப் பக்கம் முழங்கால் தண்ணீர் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். நீயும் அப்பாவும் வெளியே போயிருந்தீர்கள். ஓட்டில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பாயில் படுத்து, தூக்கமும் இல்லாமல் முழிப்பும் இல்லாமல் கிடந்தேன். கோமு வளர்த்த பூனை பரண் சந்து வழியாக இறங்கி வந்தது. வழக்கமாக அடுப்படிக்குத்தான் போகும். அன்றைக்கு நேராகப் போய் என் பூவேலை உறை மேல் ஏறி, டிவிக்குப் பக்கத்தில் தாழ்வாக இருந்த இடத்தில் சுருண்டு கண்ணை மூடிக்கொண்டது. உறையெல்லாம் முடியாகுமே என்று எழுந்து போய் விரட்டினேன். அது படுத்திருந்த இடத்தில் கையை வைத்தால் கதகதவென்று இருந்தது. பூனையின் சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கையை எடுக்க மனசு வரவில்லை, மழைக்கு அந்தச் சூடு சுகமாக இருந்தது. வைத்தபடியே நின்றேன். பூனை போய் எவ்வளவோ நேரமாகியும் சூடு குறையவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனேன். உள்ளே வண்டு முரலுகிற மாதிரி ஒரு ரீங்காரம். உறையைத் தூக்கினேன். ஆவணி வெள்ளிக்கிழமை நான் ஏற்றிய சிவப்பு விளக்கு, குங்குமம் காய்ந்து உதிர்ந்த பிறகும், அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பின்னால் கையை விட்டு ஸ்விட்சை இறக்கினேன். நடைக்குப் போய்ப் பார்த்தேன். சிவப்புக் கோடு கண்ணாடிக்கு நடுவில் வந்து நின்றுபோயிருந்தது.

அப்போதாவது நான் போயிருக்க வேண்டும். காரணமும் கையில் இருந்தது. ஆனால் அது என்ன காரணம்? என் வீட்டு ஸ்விட்சு, நான் தைத்த உறை, நான் வைத்த குங்குமம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீ நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்ததும் சுளகை உன் கையில் கொடுத்து, சித்தியிடம் கொடுத்துவிட்டு வா, சக்கரம் நின்றுவிட்டது என்று மட்டும் சொல் என்றேன். நீ அப்படியே சொல்லிவிட்டு வந்தாய். மறுநாள் அண்ணாச்சி எதிரே வந்தார். "என்ன டீச்சர், சக்கரம் நின்னுட்டா?" என்று கேட்டார். நின்றுவிட்டது அண்ணாச்சி என்றேன். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. மோட்டாரை எடுத்த பிறகு சக்கரம் நின்றுவிட்டதாம் என்று அவர் கணக்குப் பண்ணிக்கொண்டார், தெருவும் அப்படியே கணக்குப் பண்ணிக்கொண்டது. தை பிறந்ததும் அவர்கள் வீட்டைக் காலி செய்து சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அன்றைக்கு நீ என்னிடம் கேட்டாய், சித்தி திருடினாங்களாம்மா என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? படிக்கிற வேலையைப் பாரு என்றேன். இல்லை என்று வாயால்கூடச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டியிருந்தாலே போதும்.

அதற்குப் பிறகு நீ அவள் பெயரை எடுத்ததே இல்லை. நானும் எடுக்கவில்லை. நான் அறை அறையாகப் போய் ஸ்விட்சுகளை இறக்குவதையும், எலிமினேட்டரைத் தொட்டுப் பார்ப்பதையும், பாதி வழி போன பிறகு திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்குவதையும் பார்த்து நீயும் அப்பாவும் கேலி செய்வீர்கள். கரண்ட் பைத்தியம் என்பார் அப்பா. மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். கரண்டு வீணாவது எனக்குப் பொறுக்காது என்பது உண்மைதான், இந்த ஊரில் சாயங்காலம் தறிகளெல்லாம் ஓடுகிற நேரத்தில் பல்பு எப்படி மங்கிப் போகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை சூடான பெட்டி மேல் கை வைக்கும்போதும் எனக்குச் சுளகுதான் கண்ணுக்குள் வரும். இதை அப்பாவிடம்கூடப் போன மாசம்தான் சொன்னேன். அவர், கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகையை அவளுக்கே வைத்துவிட்டு வந்துவிடு என்றார்.

போனேன். இப்போது ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், தறிக்கூடங்களுக்கு நடுவில் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வாங்க டீச்சர் என்று எழுந்து, சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, எதிர்க்கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவர ஒரு பையனை அனுப்பினாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உறை, சிவப்பு விளக்கு, பூனை, ஒன்பது நாள், அண்ணாச்சியிடம் சொன்ன ஒற்றை வார்த்தை. பக்கத்துத் தறிகளின் சத்தத்தில் பாதி காதில் விழுந்திருக்காதோ என்று சந்தேகம் வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர். மோட்டாரைக் கழட்டிக் கொடுத்த பெறவு எங்க வீடு அமைதியாக் கெடந்துச்சுல்லா. சுவத்துல தலை சாச்சா உங்க வீட்டுப் பெட்டி முரலுத சத்தம் கேக்கும். ஒம்பது நாளும் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதை நீங்களாக வந்து சொல்லுவீர்கள் என்று இருந்தேன் என்றாள். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தப்பு செய்துவிட்டு மேஜைக்கு முன்னால் நின்று அழுவார்களே, அப்படி அழுதேன். அவள் அழவில்லை. என் அழுகை ஓய்ந்ததும் சொன்னாள்.

"எங்கிட்ட எனக்குத் தெரிஞ்சதையே சொல்லுதிய. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அதனால் நம் பழக்கத்தில் இல்லாத ஒரு விதமாக உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்திருக்கிறோம். பட்டுச் சேலை கட்டி, குங்குமச் சிமிழும் தட்டுமாக, தெருவில் ஒரு வீடு விடாமல் அப்பாவும் நானும் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் குங்குமம் கொடுத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லி, அதே மூச்சில் ஸ்டெபிலைசர் கதையையும் சொன்னேன். முதல் வீடு அண்ணாச்சி வீடு. அவருக்குக் கோமு யார் என்றே நினைவு வரவில்லை. எந்த மோட்டார் டீச்சர் என்று கேட்டார். ஒரு குடும்பத்தைத் தெருவை விட்டு அனுப்பியது அவருக்கு மறந்துபோயிருந்தது, ஏழு வருஷமாக அந்தத் தெருவில் கால் வைக்காமல் கோமு சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறாள். நான் எல்லாம் சொல்லி முடித்ததும், அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர் என்று மட்டும் சொன்னார். ஆமாம் என்றேன். ஐந்தாறு வீடு தாண்டியதும் அப்பா மெதுவாக, "ஏட்டி, பத்திரிகை வைக்க வந்தமா, கோர்ட்டுல வாக்குமூலம் கொடுக்க வந்தமா?" என்றார். சொன்னாரே தவிர, அடுத்த வீட்டில் நான் கொஞ்சம் தயங்கியபோது அவரே கதையைத் தொடங்கிவிட்டார். சில பேர் காது கொடுத்துக் கேட்டார்கள். சில பேர் இதை இப்போது எதற்கு என்றார்கள். இரண்டு வீட்டில் நாங்கள் படியிறங்குமுன்னாலேயே உள்ளே போய் டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார்கள், அதில் ஒரு வீட்டு அம்மா, ஐயோ சுடுதே என்று ஸ்விட்சை இறக்குகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

தெருவில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. மறுநாள் சாயங்காலம் தட்டில் ஒரு பத்திரிகையோடு கோமுவிடம் திரும்பப் போனேன். சேதி அவளுக்கு என்னைவிட முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது. கலர் பாட்டிலை என் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் பத்திரிகையை நீட்டியபோது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தெரு என்ன சொன்னாலும் அது எனக்குப் பெரிசில்லை டீச்சர் என்றாள். அப்புறம் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பிள்ளை காலேஜ் லீவுக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மட்டம் பாத்தேன். என்னையப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். அன்னைக்கு மட்டும் நான் வீட்ல வந்து அழுதேன்."

எய்யா, உன் முகத்தைத் திருப்பியவள் நான். அவள் எடுத்தாள் என்று நீ நம்பினாய், நான் நம்பவிட்டேன். உனக்குச் சோறு போட்டவளை நீ வெறுப்பதற்கு என் வெட்கம் காரணமாக இருந்தது. தெரியாதவர்களிடம் போய்ச் சொல் என்று அவள் சொன்னாளே, அந்தத் தெரியாதவர்களில் கடைசி ஆள் நீதான். என் மேல் நீ கோபப்படலாம். கோபம் தீருகிற வரைக்கும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

பத்திரிகையை அவன் கையால் கொண்டுவரட்டும் என்றாள் கோமு. அதை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். மேலே பெயர் எழுதவில்லை, நீயே எழுது. அடுத்த வெள்ளிக்கிழமை நீ விருதுநகரில் வண்டி மாறி இங்கே வந்து இறங்கும்போது நானும் அப்பாவும் ஸ்டேஷனுக்கு வர மாட்டோம். நேராக நம் வீட்டுக்கும் வராதே. தண்டவாளத்தைத் தாண்டினால் மூன்றாவது சந்து, யாரிடம் கேட்டாலும் நூல் சுற்றுகிற கோமு வீடு எது என்று காட்டுவார்கள். அவள் சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வா. எவ்வளவு நேரமானாலும் இருந்துவிட்டு வா.

அம்மா